உயிர்மருந்துகளில் வைரசு மாசு நீக்கம்: மென்சவ்வு நிறப்பதிவு முறை பற்றிய ஒரு விளக்கம்

மருந்துகளை அவற்றின் பிறப்பிடம் நோக்கி இரு பெரும் பிரிவுகளாக வகுக்கலாம். இரசாயனத் தொகுப்பினாற் பெறப்படும் சிறு மூலக்கூறுகள் ஒரு பிரிவு. உயிருள்ள கலங்களிலிருந்தோ குருதியிலிருந்தோ பெறப்படும் புரதங்கள் முதலாயின மற்றொரு பிரிவு. அஸ்பிரின் முதற் பிரிவைச் சார்ந்தது. குருதி உறைதற் காரணிகள், நொதியங்கள், பிறபொருளெதிரிகள் என்பன இரண்டாம் பிரிவைச் சார்ந்தன. இவ்விரண்டாம் பிரிவினையே நாம் ஈண்டு உயிர்மருந்து என வழங்குகின்றோம்.

உயிர்மருந்தின் சிறப்பு எதுவோ அதுவே அதன் இடருமாகும். எந்த ஆய்வுகூடத்திலும் எளிதிற் தொகுக்கவியலாத பெரும் புரத மூலக்கூறு ஒன்றை உயிருள்ள கலம் தானே ஆக்கித் தருகின்றது. ஆனால் கலம் வாழுமிடத்தில் வைரசும் வாழும். கலத்துக்கு ஊட்டப்படும் உணவும், அதற்கு ஏற்ற வெப்பநிலையும், வைரசின் பெருக்கத்துக்கும் ஏற்றனவே. பற்றீரியா புகுந்தால் வளர்ப்பு ஊடகம் கலங்கும்; வைரசு புகுந்தாலோ பல வேளைகளிற் கண்ணுக்குப் புலனாகும் மாற்றம் எதுவும் தோன்றாது. கொதிக்க வைத்துக் கிருமியகற்றலாம் என்றாற் புரதமும் உடன் சிதையும். ஏனெனில் வைரசின் உறையும் புரதமே. இரண்டும் ஒரே வகைப் பொருளாலானவை. ஒன்றை அழித்து மற்றையதைக் காப்பதெங்ஙனம்?

இவ்வினாவுக்கு இன்று வழங்கப்படும் விடைகளுள் ஒன்றே மென்சவ்வு நிறப்பதிவு முறை. அது தொழிற்படும் விதத்தையும் தவறும் இடத்தையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். அவ்விளக்கத்தினூடாக ஒரு கருத்தையும் வலியுறுத்த விரும்புகின்றோம். ஒரு மருந்து தூயது என்னும் நம்பிக்கை, இறுதிச் சோதனையில் வைரசு காணப்படவில்லை என்னும் விடையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. தூய்தாக்கலின் ஒவ்வொரு படியும் எவ்வெந் நிலைமைகளில் தவறக்கூடும் என்னும் அறிவிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

வரலாறு தந்த பாடங்கள்

1942 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் படையினருக்கு மஞ்சட் காய்ச்சலுக்கெதிரான தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. அம்மருந்தினை நிலைப்படுத்தும் பொருட்டு மனிதக் குருதித் தெளியம் அதனுடன் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தெளியத்தில் ஈரலழற்சி வைரசு இருந்ததனால் ஏறத்தாழ 50,000 படையினர் மஞ்சட் காமாலையுற்றனர். அது ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு என்பது பல ஆண்டுகள் கழிந்தே உறுதியாயிற்று.

1955 ஆம் ஆண்டில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து அமெரிக்காவில் அறிமுகமானபோது கலிபோர்ணியாவின் கட்டர் ஆய்வுகூடம் தயாரித்த சில தொகுதிகளில் உயிருள்ள வைரசு எஞ்சியிருந்தது. பத்துப் பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் நிலையான வாதத்துக்கு உள்ளாயினர். போமலின் சேர்த்த வைரசுக் கரைசலில் உயிருள்ள வைரசின் தொகை நேரத்துடன் ஒரே சீராகக் குறைந்து செல்லும் என்று முன்னர் கொள்ளப்பட்டிருந்தது. உண்மையில் அக்குறைவு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிக மந்தமாகவும் நிகழலாம். திரள்களாக ஒட்டிக் கிடக்கும் துணிக்கைகளின் உட்புறத்தை இரசாயனம் எளிதில் அணுகாது. 1960 ஆம் ஆண்டில், தடுப்பு மருந்து தயாரிக்கப் பயன்பட்ட குரங்கின் சிறுநீரகக் கலங்களிலேயே எஸ்.வி. 40 என்னும் வைரசு மறைந்திருந்தமை கண்டறியப்பட்டது. 1980 களில், பல்லாயிரம் பேரின் குருதியை ஒன்றுசேர்த்து ஆக்கிய உறைதற் காரணிகளின் வாயிலாகக் குருதியுறையாமை நோயாளர் பல்லாயிரவர் எயிட்ஸ் வைரசுக்கும் ஈரலழற்சி வைரசுகளுக்கும் இரையாயினர். மருத்துவ வரலாற்றின் துயர் மிக்க ஏடுகளுள் இதுவுமொன்று.

மரபணுப் பொறியியலின் வருகை இவ்விடரைப் பெரிதும் குறைத்தது, முற்றாக நீக்கவில்லை. சீனத்து ஹம்ஸ்டர் எனும் கொறிவிலங்கின் சூலகக் கலங்களே இன்றைய உயிர்மருந்துகளுட் பெரும்பாலானவற்றின் பிறப்பிடம். 1957 இல் தியோடோர் பக் என்பார் இவ்வகைக் கலங்களை ஆய்வுகூட வளர்ப்பில் நிலைநிறுத்தினார். இக்கலங்களின் மரபணுத் தொகுதியிலேயே பண்டைய றெற்றோவைரசுகளின் எச்சங்கள் பொதிந்துள்ளன. அவ்வெச்சங்களிலிருந்து தோன்றும் வைரசு போன்ற துணிக்கைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் காணலாம். அவை தொற்றுந் தன்மையற்றவை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் ஒரு மில்லிலீற்றரில் கோடிக்கணக்கில் அவை இருக்கக்கூடுமாதலால் அவற்றை அகற்றியே ஆகவேண்டும்.

வெளியிலிருந்து வரும் வைரசுகளும் உள. 1993 இலும் 1994 இலும் கலிபோர்ணியாவின் ஜெனென்ரெக் நிறுவனத்தின் வளர்ப்புத் தாங்கிகளில் எலியின் நுண்வைரசு எனப்படும் பார்வோவைரசு புகுந்தமை கண்டறியப்பட்டது. சுண்டெலிகளின் கழிவுகளுடன் வெளியேறும் இவ்வைரசு உலர்ந்த நிலையிலும் நீண்டகாலம் நிலைத்திருக்கவல்லது. 2009 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பொஸ்ரன் நகரிலுள்ள ஜென்சைம் நிறுவனத்தின் தொழிற்சாலையில் வெசிவைரசு 2117 என்னும் வைரசு புகுந்தது. இவ்வைரசு மனிதருக்கு நோய் விளைவிப்பதாக அறியப்படவில்லை. ஆயினும் தொழிற்சாலை மூடப்பட்டுத் தூய்தாக்கப்பட்டது. கோச்சர் நோயாளருக்கும் பப்ரி நோயாளருக்கும் உரிய நொதிய மருந்துகள் இரண்டு அங்கேயே ஆக்கப்பட்டு வந்தன. கோச்சர் நோயில் ஒரு நொதியத்தின் குறைபாட்டினாற் கொழுப்புப் பொருள் மண்ணீரலிலும் ஈரலிலும் என்பு மச்சையிலும் திரள்கின்றது. அந்நொதியத்தை வாழ்நாள் முழுதும் ஏற்றிக்கொள்ள வேண்டியவர்கள் பல மாதங்கள் பங்கீட்டளவில் மருந்து பெற்றும், பெறாதும் காத்திருக்க நேர்ந்தது. வைரசு எந்த நோயாளியின் உடலையும் அடையாமலே நோயாளருக்குத் தீங்கு விளைந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சோதனை மட்டும் போதாதது ஏன்?

தயாரான மருந்தைச் சோதித்து, வைரசு இல்லாதவிடத்து மட்டும் வெளியிடலாகாதோ என வினவலாம். நிகழ்தகவு பற்றிய எளிய கணக்கொன்று இதற்கு விடை தரும். ஒரு லீற்றர் கரைசலில் 1000 வைரசுத் துணிக்கைகள் சீராகப் பரவியுள்ளன எனக் கொள்வோம். அதிலிருந்து ஒரு மில்லிலீற்றர் மாதிரியை எடுத்தால் சராசரியாக ஒரு துணிக்கை அதில் இருத்தல் வேண்டும். ஆயினும் ஒன்றுமே இல்லாதிருப்பதற்கான நிகழ்தகவு 0.37 ஆகும். லீற்றருக்கு 100 துணிக்கைகள் எனின் அந்நிகழ்தகவு 0.90, 10 துணிக்கைகள் எனின் 0.99. அஃதாவது, லீற்றருக்குப் பத்து வைரசுகளைக் கொண்ட மருந்தை நூறு முறை சோதித்தால் தொண்ணூற்றொன்பது முறை அது தூயது என்னும் விடையே கிடைக்கும்.

இன்னுமொரு குறையும் உண்டு. குறித்த வைரசைத் தேடும் சோதனை அவ்வைரசையே காணும்; தேடப்படாத வைரசு காணப்படாது. 2010 ஆம் ஆண்டில் பன்றியின் சேர்க்கோவைரசின் மரபணுப் பொருள் ரோட்டரிக்ஸ் எனும் குழந்தைத் தடுப்பு மருந்தில் இருந்தமை, மரபணு வரிசைகளை முழுமையாக வாசிக்கும் புதிய முறையாலேயே வெளிப்பட்டது. அது தீங்கற்றதென முடிவாயிற்றாயினும், வழமையான சோதனைகள் பல ஆண்டுகளாக அதனைக் கண்டிருக்கவில்லை.

ஆகவே உயிர்மருந்துத் துறை மூன்று அரண்களை நாடுகின்றது. கலங்களையும் மூலப்பொருள்களையும் தேர்ந்தெடுத்தல் முதலாவது. இடையிடையே சோதித்தல் இரண்டாவது. வைரசு இருப்பினும் அதனை நீக்கவல்ல தயாரிப்பு முறையை அமைத்தல் மூன்றாவது. 1997 இல் இறுதிசெய்யப்பட்டு 2023 நவம்பரில் திருத்தியமைக்கப்பட்ட, கியூ 5 ஏ எனும் சர்வதேச வழிகாட்டி நெறியும் இம்மூன்றையுமே வலியுறுத்துகின்றது. மூன்றாவது அரணே இனி நம் கவனத்துக்குரியது.

வைரசை நீக்கும் வழிகள்

வைரசுகளை அழிக்கும் வழிகள் ஒருபுறமும் பிரித்தகற்றும் வழிகள் மறுபுறமும் உள.

அழிக்கும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. பிறபொருளெதிரியைப் புரதம் ஏ எனும் பொருளிற் பற்றவைத்து விடுவிக்கும்போது கரைசல் அமிலத்தன்மை பெறுகின்றது. பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 3.6 ஆக அதனை ஒரு மணி நேரம் வரையில் வைத்திருந்தால் கொழுப்புறை கொண்ட வைரசுகள் சிதையும். கரைப்பானும் அழுக்குநீக்கியும் சேர்த்து அவ்வுறையைக் கரைப்பது மற்றொரு வழி. 1980 களில் நியூயோர்க் குருதி நிலையத்தில் உருவான இவ்வழி குருதிப் பொருள்களின் பாதுகாப்பிற் பெருந் திருப்பமாயிற்று. ஆனால் இவ்விரு வழிகளும் கொழுப்புறையையே தாக்குவன. பார்வோவைரசு போன்ற உறையற்ற வைரசுகள் அவற்றாற் பெரிதும் பாதிப்புறுவதில்லை.

பிரித்தகற்றும் வழிகளுள் ஒன்று வைரசு வடி. யப்பானின் அசாகி கசெய் நிறுவனம் 1989 இல் பிளனோவா என்னும் பெயரில் இதனை அறிமுகஞ் செய்தது. ஏறத்தாழ 20 நனோமீற்றர் அளவான துளைகளையுடைய வடி, அரிதட்டுப் போலத் தொழிற்பட்டுப் பெரியதைத் தடுத்துச் சிறியதை விடும். பிறபொருளெதிரியின் பருமன் ஏறத்தாழ 10 நனோமீற்றர். பார்வோவைரசின் விட்டம் 18 முதல் 24 நனோமீற்றர். றெற்றோவைரசின் விட்டம் 80 முதல் 120 நனோமீற்றர். றெற்றோவைரசை வடித்தல் எளிது. பார்வோவைரசுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள இடைவெளியோ மிகக் குறுகியது. ஆதலால் இக்குறு வைரசுக்கு எதிராக, பருமனைச் சாராத இன்னொரு அரண் இன்றியமையாததாகின்றது. அத்தகைய அரணை மின்னேற்றத்தின் அடிப்படையிற் பிரிக்கும் நிறப்பதிவு முறை தருகின்றது.

நிறப்பதிவு முறையும் மணிகளின் இடர்ப்பாடும்

1903 ஆம் ஆண்டில் வார்சோ நகரில் மிகாயில் சுவெற் எனும் உருசியத் தாவரவியலாளர், இலைகளின் நிறப்பொருள்களைக் கல்சியங் காபனேற்று நிரம்பிய கண்ணாடிக் குழாயினூடாகச் செலுத்திப் பிரித்த தம் முறையை வெளியிட்டார். பச்சையும் மஞ்சளுமான பட்டைகள் குழாயிற் தனித்தனியே தோன்றின. நிறத்தை எழுதுதல் எனும் பொருளில் அதற்குக் குரோமற்றோகிராபி என அவர் பெயரிட்டார். இன்று பிரிக்கப்படும் பொருள்களுக்கு நிறம் இல்லாவிடினும் பெயர் நிலைத்துவிட்டது. அசையாது நிற்கும் ஒரு திண்மத்துக்கும் அசைந்து செல்லும் ஒரு திரவத்துக்குமிடையே பொருள்கள் வெவ்வேறு அளவிற் பங்கிடப்படுதலே இதன் அடிப்படை.

உயிர்மருந்துத் தொழிலில் அத்திண்மம், பெரும்பாலும் 50 முதல் 100 மைக்கிரோமீற்றர் விட்டமுடைய நுண்டுளை மணிகளாக உள்ளது. இம்மணிகளை அடைத்த உருளையினை நிரல் என்பர். மணிகளின் மேற்பரப்பில் நேரேற்றமுடைய கூட்டங்கள் பிணைக்கப்பட்டிருந்தால், கரைசலிலுள்ள மறையேற்றப் பொருள்கள் அவற்றிற் பற்றிக்கொள்ளும். இதுவே அனயன் மாற்ற நிறப்பதிவு.

மணிகளின் மேற்பரப்பிற் பெரும் பகுதி அவற்றின் உட்டுளைகளிலேயே உள்ளது. திரவம் மணிகளுக்கிடையிலேயே பாயும். உட்டுளைகளை அடைய மூலக்கூறு பரவலாலேயே நகரவேண்டும். பெருந்தெருவில் வண்டியில் விரைந்து வந்தவர் ஒழுங்கைக்குள் இறங்கி நடந்தே வீடு சேர்வதை இஃது ஒக்கும். பரவலுக்கு வேண்டிய நேரம் தூரத்தின் வர்க்கத்துடன் கூடுகின்றது. துணிக்கையின் பருமனுடனும் கூடுகின்றது. மேலும் உட்டுளைகள் சில பத்து நனோமீற்றர் அளவினவே. 100 நனோமீற்றர் வைரசு அவற்றினுட் புகவே மாட்டாது. மணியின் வெளித்தோலில் மட்டுமே அது பற்றவேண்டும். வெளித்தோலோ மொத்த மேற்பரப்பின் மிகச் சிறு பின்னமே.

ஆகவே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. நீக்கவேண்டிய மாசு சிறிதளவே. அதனைத் தாங்கச் சிறிய நிரலே போதும். ஆயின் சிறிய நிரலினூடாகப் பெருந்தொகைக் கரைசலைச் செலுத்த நெடுநேரமாகும். நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு நிரலைப் பெரிதாக்குவர். மணிகளின் கொள்திறனிற் பெரும் பகுதி பயன்படாமலே கிடக்கும்.

மென்சவ்வின் இயல்பு

மென்சவ்வு நிறப்பதிவு முறையில் மணிகளுக்குப் பதிலாக நுண்டுளை மென்சவ்வுத் தாள்கள் பயன்படுகின்றன. மீளாக்கிய செலுலோசு, பொலியீதர்சல்போன் முதலிய பொருள்களாலான இத்தாள்களின் துளைகள் 0.8 மைக்கிரோமீற்றர் முதற் சில மைக்கிரோமீற்றர் வரையிலானவை. வைரசைவிடப் பன்மடங்கு பெரியவையாதலால் இவை அரிதட்டாகத் தொழிற்படுவதில்லை. வைரசு வடியும் மென்சவ்வே. நிறப்பதிவு மென்சவ்வும் மென்சவ்வே. முன்னையது பருமனாற் பிரிக்கின்றது, பின்னையது ஏற்றத்தாற் பிரிக்கின்றது என்னும் வேறுபாட்டினை மயக்கமின்றி உணர்தல் வேண்டும்.

துளைகளின் சுவர்களில் நான்காம்படி அமோனியக் கூட்டங்கள் பிணைக்கப்பட்டுள்ளன. கரைசல் இத்துளைகளினூடாகவே பாய்கின்றது. பற்றுமிடம் பாதையின் ஓரத்திலேயே உள்ளது. முன்னைய உவமையிற் கூறின், வீட்டு வாயில்கள் யாவும் பெருந்தெருவை நோக்கியே திறந்துள்ளன. இதன் பயனை ஒரு கணிப்பினாற் காணலாம். 100 நனோமீற்றர் வைரசின் பரவற் குணகம் நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 4 சதுர மைக்கிரோமீற்றர் ஆகும். மணிகளுக்கிடையே பாயும் திரவத்திலிருந்து மணியின் தோலை அடைய அது ஏறத்தாழ 15 மைக்கிரோமீற்றர் நகரவேண்டுமெனின், ஒரு நிமிடத்துக்கு அண்மித்த நேரம் தேவை. 3 மைக்கிரோமீற்றர் துளையின் நடுவிலிருந்து சுவரை அடைய 1.5 மைக்கிரோமீற்றர் நகர்ந்தாற் போதும்; அதற்கு அரைச் செக்கனே செல்லும். தூரம் பத்திலொன்றாக நேரம் நூறிலொன்றாகின்றது.

இதனாலேயே நிரலின் ஆழம் 20 சென்ரிமீற்றர் அளவினதாக இருக்க, அடுக்கிய மென்சவ்வுகளின் மொத்தத் தடிப்பு 4 அல்லது 8 மில்லிமீற்றராக இருப்பினும் போதுமானதாகின்றது. கரைசல் சில செக்கன்களே மென்சவ்வினுள் தங்கினாலும் வைரசு சுவரைச் சேர்ந்துவிடும். ஒரு தாளில் ஓரிரு துளைகள் பெரியனவாக இருக்கக்கூடும். அவற்றினூடாகத் தப்பும் வைரசை அடுத்த தாள் பிடிக்கும் பொருட்டே தாள்கள் பத்துக்கு மேற்பட அடுக்கப்படுகின்றன. ஒரு லீற்றர் மென்சவ்வினூடாகப் பல கிலோகிராம் பிறபொருளெதிரியைச் செலுத்தித் தூய்தாக்கலாம் என்பதும் செயன்முறையிற் காட்டப்பட்டுள்ளது.

வேறு நன்மைகளும் உள. மணிகளை நிரலில் அடைப்பதற்குத் தேர்ச்சி வேண்டும். அடைப்பிற் பிளவு நேரின் கரைசல் அதனூடாகத் தப்பும். ஒரே மணிகளைப் பல தடவை பயன்படுத்துவதனால் ஒவ்வொரு தடவையும் கழுவவும், பழையனவான பின்னரும் வைரசை நீக்கும் என நிறுவவும் வேண்டும். மென்சவ்வுப் பொதியோ பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்தி எறியப்படுவது. முந்திய தொகுதியின் வைரசு அடுத்த தொகுதிக்குக் கடத்தப்படும் அச்சம் இல்லை. கழுவும் நீரும் இரசாயனங்களும் மிச்சமாகின்றன. மறுபுறம், ஒவ்வொரு தடவையும் புதிய பொதி வாங்கும் செலவு உண்டு. மருந்தையே பற்றவைத்துப் பெறவேண்டிய படிகளில் மணிகளின் பரந்த உள்மேற்பரப்புக்கு மென்சவ்வு பொதுவாக ஈடாவதில்லை. சிறிதளவான மாசைப் பெருந்தொகைக் கரைசலிலிருந்து நீக்கும் இறுதித் துலக்கற் படியே அதற்குரிய இடம்.

ஏற்றமும் உப்பும்

மென்சவ்வின் ஆற்றல் முழுவதும் மின்னேற்றத்திற் தங்கியுள்ளது. அதன் பலவீனமும் அங்கேயே உள்ளது. ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் நேரேற்றமும் மறையேற்றமும் சமனாகும் ஒரு பி.எச். பெறுமானம் உண்டு. அதனைச் சமவேற்றப் புள்ளி என்போம். கரைசலின் பி.எச். அதனிலுங் குறையும்போது புரதம் நேரேற்றமுறும், கூடும்போது மறையேற்றமுறும். பிறபொருளெதிரிகளுட் பலவற்றின் சமவேற்றப் புள்ளி 7 க்கும் 9 க்கும் இடைப்பட்டது. வைரசுகளுட் பலவற்றின் புள்ளி 7 க்குக் கீழ்ப்பட்டது. ஆகவே இரண்டுக்கும் நடுவான பி.எச். ஒன்றைத் தேர்ந்தால் மருந்து நேரேற்றம் பெற்று மென்சவ்வினால் விலக்கப்பட்டு வெளியேறும். வைரசு மறையேற்றம் பெற்றுப் பற்றிக்கொள்ளும். கலங்களிலிருந்து வெளிப்பட்ட டி.என்.ஏ. வும் வைரசுடன் சேர்ந்து பிடிபடும்.

ஆனால் உப்பு இவ்வொழுங்கைக் குலைக்கவல்லது. கரைசலிற் குளோரைட்டு அயன்கள் மிகுந்தால் அவை மென்சவ்வின் நேரேற்றக் கூட்டங்களைச் சூழ்ந்து வைரசின் கவர்ச்சியை மறைத்துவிடும். பொசுபேற்று, சித்திரேற்று முதலிய பல்வலுவளவுள்ள அயன்கள் இன்னும் வலிதாகப் போட்டியிடும். றெற்றோவைரசு ஓரளவு உப்பிலும் பற்றிநிற்க, பார்வோவைரசு அதனிலும் முற்படவே நழுவிவிடுவதனை ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்த வைரசுக்கு எதிராக இவ்வரண் மிகவும் வேண்டப்படுகின்றதோ அதற்கெதிராகவே அது முதலில் நலிகின்றது என்பது இம்முறையின் மிக முக்கியமான குறைபாடு.

இதற்குப் பரிகாரங்கள் உள. கரைசலை நீரால் ஐதாக்கிக் கடத்துதிறனைக் குறைக்கலாம். ஆயின் கனவளவு கூடும். முதலாம்படி அமைன் கூட்டங்களைக் கொண்ட மென்சவ்வுகளும் ஆக்கப்பட்டுள்ளன. இவை ஏற்றக் கவர்ச்சியோடு ஐதரசன் பிணைப்பாலும் பற்றுவதனால் உப்பை மேலும் தாங்குகின்றன. பிறபொருளெதிரியே அமிலத்தன்மையான சமவேற்றப் புள்ளியை உடையதாயின், மருந்தும் வைரசும் ஒருங்கே பற்ற முனையும். அப்போது இடையறாத ஆய்வுகளாலேயே தகுந்த நிலைமையைக் கண்டறிய முடியும்.

நீக்கத்தை அளவிடல்

ஒரு படியின் ஆற்றலை அறிய, அப்படியின் சிறு மாதிரியமைப்பு ஒன்றை ஆய்வுகூடத்தில் அமைத்து, தெரிந்த தொகையான வைரசினை வேண்டுமென்றே கரைசலிற் சேர்ப்பர். புகுந்த மொத்த வைரசுக்கும் வெளிவந்த மொத்த வைரசுக்குமுள்ள விகிதத்தின் பத்தடி மடக்கையே நீக்க மடக்கை எனப்படும். 4 மடக்கை என்பது பத்தாயிரத்தில் ஒன்றே தப்பியது எனப் பொருள்படும். தொற்றும் வைரசைத் தொழிற்சாலைக்குட் கொணர்தல் தகாதாதலால் இவ்வாய்வு தனியிடத்திலேயே நிகழும். சிறு மாதிரியமைப்பிற் பாய்ச்சல் வீதம், பி.எச்., கடத்துதிறன், மென்சவ்வின் அலகுக் கனவளவுக்குரிய சுமை என்பன தொழிற்சாலையின் நிலைமைகளை ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் பெற்ற எண் பொருளற்றதாகும்.

எத்தனை மடக்கை வேண்டும்? எடுத்துக்காட்டாக, வளர்ப்பு ஊடகத்தின் ஒரு மில்லிலீற்றரில் 10 இன் 9 ஆம் அடுக்கு அளவான றெற்றோவைரசுத் துணிக்கைகள் உள்ளன எனவும், ஒரு வேளை மருந்தை ஆக்க ஒரு லீற்றர் ஊடகம் தேவை எனவும் கொள்வோம். ஒரு வேளைக்குரிய துணிக்கைகள் 10 இன் 12 ஆம் அடுக்காகும். பத்து இலட்சம் வேளை மருந்தில் ஒரு துணிக்கைக்கு மேற்படாதிருத்தல் வேண்டுமெனின் 18 மடக்கை நீக்கம் தேவை. தனியொரு படி இதனைத் தராது. புரதம் ஏ 3, அமிலம் 5, மென்சவ்வு 5, வைரசு வடி 5 எனக் கொண்டால் கூட்டுத்தொகை 18 ஆகும்.

இக்கூட்டலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. படிகள் வெவ்வேறு பொறிமுறைகளால் தொழிற்படுவனவாக இருந்தாலன்றி மடக்கைகளைக் கூட்டலாகாது. ஏற்றத்தாற் பிரிக்கும் இரு படிகளை அடுத்தடுத்து வைத்தால், முதலாவதிற் பற்றாமல் தப்பிய வைரசு இரண்டாவதிலும் அதே காரணத்தாற் தப்பக்கூடும். 1955 ஆம் ஆண்டின் பாடம் இதுவேயன்றோ? எஞ்சியவை முன் அழிந்தவற்றைப் போன்றவையல்ல. அமிலம் உறையையும், மென்சவ்வு ஏற்றத்தையும், வடி பருமனையும் நோக்குதலாலேயே அவை ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. பார்வோவைரசின் கணக்கில் அமிலத்தின் 5 மடக்கையைச் சேர்த்தலாகாது என்பதும் இதனாற் பெறப்படும். மென்சவ்வும் வடியுமே அங்கு முக்கிய காவலர். அவற்றுள் ஒன்றை உப்பு வலுவிழக்கச் செய்யுமாயின் மற்றையது தனித்து நிற்கும்.

நிறைவுரை

மரபணுப் பொறியியலால் மாற்றப்பட்ட கலங்களில் ஆக்கப்படும் மருந்துப் புரதங்களின் வாயிலாக நோயாளர் எவருக்கும் வைரசு தொற்றியதாக இதுவரை அறியப்படவில்லை. வளர்ப்புத் தாங்கிகளில் வைரசு புகுந்த நிகழ்ச்சிகள் உள்ளனவாகவும் இந்நிலை பேணப்பட்டமைக்கு ஒன்றையொன்று தாங்கும் அரண்களே காரணம். எனினும் 2009 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி காட்டுவது போல, இறுதிப் படிகளின் வலிமை தொடக்கப் படிகளின் கவனக்குறைவுக்கு ஈடாகாது.

புதிய வினாக்களும் எழுந்துள்ளன. மரபணுச் சிகிச்சையில் அடினோ சார் வைரசே மருந்தாகப் பயன்படுகின்றது. ஏறத்தாழ 25 நனோமீற்றர் விட்டமுடைய அதுவும் பார்வோவைரசுக் குடும்பத்தைச் சார்ந்ததே. மருந்தும் மாசும் ஒரே பருமனின எனின் 20 நனோமீற்றர் வடி பயன்படாது. அமிலமும் அழுக்குநீக்கியும் பார்வோவைரசு மாசை அழிக்கமாட்டா. ஏற்றத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு பிரிக்கும் முறைகளின் பொறுப்பு அங்கே இன்னும் மிகுகின்றது.

மென்சவ்வு நிறப்பதிவு முறை பரவலின் மந்தத்தைப் பாய்ச்சலின் விரைவாற் பதிலீடு செய்தது. அது அதன் வெற்றி. உப்பு மிகுந்தவிடத்துத் தளர்வது அதன் எல்லை. மருந்தை ஆக்குவோர் மட்டுமன்றி, அதனை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானிப்போரும் இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். ஒரு மருந்தின் கோவையிற் காணப்படும் நீக்க மடக்கை எவ்வளவு பெரிதாயினும், அது எந்த பி.எச். பெறுமானத்தில், எந்தக் கடத்துதிறனில், எந்த வைரசுக்கு எதிராகப் பெறப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே அவ்வெண் நோயாளிக்குப் பாதுகாப்பாக அமையும்.